கல்லாவில் இருக்கும் பணம் யாருடையது?

கேள்வி: ஆடிட்டர் சாருக்கு வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் பெரும்பகுதி டிரஷரி வைப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸில் வேலை பார்க்கும் என் தம்பி மகன், எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) பங்கில் 4 லட்சம் போடச் சொல்கிறான். “அத்தை, இந்தக் கம்பெனியின் சந்தை மதிப்பைவிட என்டர்பிரைஸ் வேல்யூ குறைவாக இருக்கிறது. அப்படியென்றால் மலிவாகக் கிடைக்கிறது என்று அர்த்தம்” என்கிறான். ஆனால் அவன் வைத்திருக்கும் லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனிக்கு அதே தொகை சந்தை மதிப்பைவிட அதிகமாக இருக்கிறது. இரண்டுமே போர் விமானம் செய்யும் கம்பெனிகள்தானே? ஒன்றில் ஏன் குறைகிறது, மற்றொன்றில் ஏன் கூடுகிறது? இரண்டு தொகைகளில் எது கம்பெனியின் உண்மையான விலை? இன்னொன்றும் கேட்க வேண்டும். கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்த என் கணவர் பெமல் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பங்கு கொஞ்சம் வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் பெமல் லேண்ட் அசெட்ஸ் என்று இன்னொரு பங்கு தானாக வந்து சேர்ந்திருக்கிறது. அது என்ன?

— ஓய்வு பெற்ற ஆசிரியை, சித்தூர் தாலுகா, பாலக்காடு

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

தம்பி மகன் பார்த்த எண்கள் சரியானவை. அவற்றை வைத்து ‘மலிவு’ என்று முடிவு கட்டியதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நிறுவன மதிப்பு, அதாவது அவர் சொன்ன என்டர்பிரைஸ் வேல்யூ, சந்தை மதிப்பைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் கம்பெனியிடம் கடனைவிட ரொக்கம் அதிகம் என்று பொருள். கூடுதலாக இருந்தால் ரொக்கத்தைவிடக் கடன் அதிகம். பங்கு மலிவா, விலை ஏறிவிட்டதா என்ற கேள்விக்கு இந்த ஒப்பீட்டில் பதிலே கிடையாது. ஆனால் ராணுவத் தளவாடம் செய்யும் கம்பெனிகளில் இந்தக் கணக்குக்குள் வேறொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. படித்தவர்கள்கூட அதைக் கவனிக்காமல் பணத்தைக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். உங்கள் கடிதத்துக்கு விரிவாக எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் கணக்கு. உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது. உரிமையாளர் தன் கைக்கு 60 லட்சம் வர வேண்டும் என்கிறார். குடிக்கடச் சான்று (வில்லங்கச் சான்று) எடுத்துப் பார்த்தால், தோப்பின் பேரில் கூட்டுறவு வங்கியில் 15 லட்சம் கடன் நிற்கிறது. அதை நீங்கள்தான் ஏற்க வேண்டும். அதேசமயம் தோப்பின் கல்லாவில் 10 லட்சம் ரொக்கம் இருக்கிறது. அதையும் சேர்த்தே உங்களிடம் ஒப்படைக்கிறார். அப்படியானால் தோப்பு உங்கள் கைக்கு வந்து சேர ஆகும் செலவு எவ்வளவு? 60 லட்சத்தோடு 15 லட்சத்தைக் கூட்டி, 10 லட்சத்தைக் கழித்தால் 65 லட்சம். இதில் 60 லட்சம் என்பது சந்தை மதிப்பு. 65 லட்சம் என்பது நிறுவன மதிப்பு. தோப்பை வைத்து ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று பார்க்கும்போது 65 லட்சத்தோடு ஒப்பிடுவதுதான் முறை. ஏனென்றால் உங்களுடைய பணமும் வங்கியுடைய பணமும் சேர்ந்துதான் அந்த வருமானத்தை ஈட்டுகின்றன.

கம்பெனிக்கும் இதே வழிதான். பங்குகளின் எண்ணிக்கையை அன்றைய விலையால் பெருக்கினால் சந்தை மதிப்பு. அதோடு கடனைக் கூட்ட வேண்டும். முன்னுரிமைப் பங்குகள் இருந்தாலும், துணை நிறுவனங்களில் பிறருக்கு உரிமை இருந்தாலும் அவற்றையும் கூட்ட வேண்டும். பிறகு ரொக்கத்தையும் உடனே பணமாக்கக்கூடிய முதலீடுகளையும் கழிக்க வேண்டும்.

லாக்ஹீடை எடுத்துக்கொள்வோம். பங்கு விலை நாள்தோறும் மாறும் என்பதால், கணக்குக்காக 450 டாலர் என்று வைத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ 23.5 கோடிப் பங்குகள். சந்தை மதிப்பு சுமார் 10,575 கோடி டாலர். 2024 இறுதியில் கடன் 2,000 கோடி டாலருக்குச் சற்று மேல், கையில் ரொக்கம் சுமார் 250 கோடி டாலர். கூட்டிக் கழித்தால் நிறுவன மதிப்பு 12,300 கோடி டாலரைத் தாண்டும்.

இனி எச்ஏஎல். 66.88 கோடிப் பங்குகள். விலை 4,500 ரூபாய் என்று வைத்தால் சந்தை மதிப்பு சுமார் 3 லட்சம் கோடி ரூபாய். கடன் இல்லை என்றே சொல்லலாம். 2025 மார்ச் இறுதியில் ரொக்கமும் வங்கி வைப்புமாக ஏறத்தாழ 38,000 கோடி இருந்தது. கழித்தால் நிறுவன மதிப்பு சுமார் 2.62 லட்சம் கோடி. தம்பி மகன் பார்த்தது இந்த வித்தியாசத்தைத்தான்.

இதுவரை எல்லாம் நீங்கள் எட்டாம் வகுப்பில் நடத்திய கூட்டல் கழித்தல்தான். இனிமேல்தான் விஷயம்.

அந்தத் தோப்புக் கல்லாவில் இருந்த 10 லட்சத்துக்குத் திரும்ப வருகிறேன். அதில் 8 லட்சம், அடுத்த ஆண்டு வெட்டப்போகும் இளநீருக்காக வியாபாரி கொடுத்துவைத்த முன்பணம் என்று தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? தோப்பு கைமாறிய பிறகு அந்த வியாபாரி ஆளும் லாரியுமாக வந்து காய் வெட்டிக்கொண்டு போவார். நீங்கள் தண்ணீர் பாய்ச்சி, உரம் வைத்து, கூலி கொடுத்துக் காப்பாற்றிய காய்க்கு அவரிடமிருந்து புதிதாக ஒரு ரூபாயும் வராது. ஆகவே கல்லாவில் உண்மையில் உங்களுக்கு மிஞ்சுவது 2 லட்சம்தான். தோப்பின் விலை 65 லட்சம் அல்ல, 73 லட்சம். கல்லாவில் இருக்கும் நோட்டைப் பார்த்தால் எது வியாபாரியின் பணம், எது தோப்புக்காரரின் பணம் என்று தெரியாது. முன்பணச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

ராணுவத் தளவாடக் கம்பெனியின் கல்லா இந்தத் தோப்பின் கல்லா போன்றதுதான். ஒரு போர் விமானத்தைச் செய்து முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்கான உலோகம், எஞ்சின், மின்னணுக் கருவி எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். எனவே ஒப்பந்தம் கையெழுத்தானதும் அரசு ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுக்கும். பிறகு வேலையின் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஒரு பகுதி வரும். 2021 பிப்ரவரியில் எச்ஏஎல்லோடு 83 தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்களுக்கு ஏறத்தாழ 48,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. 2025 மார்ச்சில் 156 பிரசண்ட் ஹெலிகாப்டர்களுக்கு 62,700 கோடி. அதே ஆண்டு செப்டம்பரில் மேலும் 97 தேஜஸ் விமானங்களுக்கு 62,370 கோடி. இவ்வளவு பெரிய ஒப்பந்தங்களுக்கு முன்பணம் வந்து விழும்போது வங்கி இருப்பு உயரும். நிறுவன மதிப்பு தானாகவே குறையும். ஆலையிலிருந்து இன்னும் ஒரு விமானம்கூட வெளியே வந்திருக்காது. ஆனால் ‘கம்பெனி மலிவாகிவிட்டது’ என்று திரை காட்டும்.

விமானம் தாமதமானால் இந்த மயக்கம் இன்னும் கூடும். தேஜஸ் மார்க்-1ஏ-வுக்கு எஞ்சின் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். 99 எஞ்சின்களுக்கு 2021 ஆகஸ்டில் 71.6 கோடி டாலருக்கு ஆர்டர் கொடுத்தார்கள். முதல் எஞ்சின் வந்ததே 2025 மார்ச்சில்தான். 2024 மார்ச்சுக்குள் வந்திருக்க வேண்டிய முதல் விமானம் விமானப்படைக்கு உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. செலவழிய வேண்டிய பணம் வங்கியில் வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும்போது ரொக்க இருப்பு பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். அந்த அழகுக்குக் காரணம் தாமதம் என்பது அந்த ஒற்றை எண்ணில் தெரியாது.

இதற்கு நேர்மாறான காலத்தையும் இதே கம்பெனி பார்த்திருக்கிறது. 2019 ஜனவரியில், சம்பளம் கொடுப்பதற்காக எச்ஏஎல் ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய் கடன் வாங்க வேண்டிவந்த செய்தி எல்லா நாளிதழ்களிலும் வந்தது. ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. விமானங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. விமானப்படையிடமிருந்து வர வேண்டிய தொகை பல ஆயிரம் கோடி நிலுவையில் நின்றுவிட்டது. அவ்வளவுதான் காரணம். அன்றைக்கு நீங்கள் நிறுவன மதிப்பைக் கணக்கிட்டிருந்தால் கடனைக் கூட்டியிருப்பீர்கள். இன்றைக்கு ரொக்கத்தைக் கழிக்கிறீர்கள். இடையில் கம்பெனியின் திறமையும் வளர்ந்தது, ஆர்டரும் வளர்ந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றைய கூட்டல், இன்று கழித்தலாக மாறியதற்கு முக்கியமான காரணம், டெல்லியிலிருந்து பணம் எப்போது வருகிறது என்பது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி நடக்கும் தொழிலில் ரொக்க இருப்பு என்பது அந்த வாடிக்கையாளரின் வரவு செலவுத் திட்டத்தின் நிழல். என் பார்வையில் அதை முழுசாகப் பங்குதாரர் பணம் என்று எண்ணுவது ஆபத்து.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். முன்பணத்துக்கு வட்டி கிடையாது. ஒரு ஒப்பந்தம் முடியும் முன்பே அடுத்த ஒப்பந்தத்தின் முன்பணம் வந்துவிடும். ஆகவே அது எப்போதும் கையில் சுழலும் பணம், கடனாகக் கருத வேண்டியதில்லை என்பார்கள். அதோடு, வாங்கிய முன்பணம் முழுவதும் வங்கியில் இருப்பதுமில்லை. ஒரு பகுதி உலோகத் தகடாகவும் உதிரிபாகமாகவும் பாதி முடிந்த விமானமாகவும் ஆலைக்குள் நிற்கிறது. இரண்டுமே உண்மை. அதனால் முன்பணத்தை அப்படியே கடன் என்று கூட்டிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். முன்பணத்திலிருந்து சரக்கிருப்பையும் வர வேண்டிய பாக்கியையும் கழித்துப் பாருங்கள். மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் வங்கியில் இருக்கும் அரசின் பணம். அதை ரொக்கத்திலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சிய ரொக்கத்தை மட்டும் பங்குதாரருடையது என்று கொள்ளுங்கள். கறாராகத் தோன்றலாம். ஆனால் 2019ஐ நினைவில் வைத்திருக்கும் எந்தக் கணக்காளரும் இதைத்தான் செய்வார்.

ஆண்டறிக்கையில் இது எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புகள் பக்கத்தில், ‘பிற பொறுப்புகள்’ அல்லது ‘ஒப்பந்தப் பொறுப்புகள்’ என்ற தலைப்பில் இருக்கும். ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டியது ஓரிடத்திலும், அதற்குப் பிந்தியது இன்னோரிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கும். இரண்டையும் கூட்ட வேண்டும். பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறார்கள். முன்பண விவரம் பின்னால் உள்ள குறிப்புகளில்தான் வரும். முதல் பக்கத்துப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

அந்தப் பக்கத்திலேயே இன்னொரு வரியும் உங்கள் கண்ணில் படும்: சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. இதைச் சட்டப்படி தனியாகக் காட்ட வேண்டும். எல்லை தாண்டினால் கோயம்புத்தூர். லேத்தும் மில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்கள் எத்தனையோ பேர் அங்கே இருக்கிறார்கள். 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரிய கம்பெனியின் ரொக்கம் பெருகும்போது இந்தப் பாக்கியும் சேர்ந்து பெருகுகிறதா என்று பாருங்கள். பெருகினால், அந்த ரொக்கத்தில் பட்டறைக்காரரின் கூலியும் கலந்திருக்கிறது. எந்தக் கம்பெனியின் கணக்கைப் படித்தாலும் இந்த வரியை நான் தாண்டிப் போவதில்லை.

வட்டி வருமானம் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 2024-25இல் எச்ஏஎல்லின் நிகர லாபம் 8,300 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டில் பிற வருமானமாக 2,000 கோடிக்கு மேல் வந்தது. பெரும்பகுதி வங்கி வட்டி. நிறுவன மதிப்பை லாபத்தால் வகுத்து ‘எத்தனை மடங்கு’ என்று பார்ப்பவர்கள், மேலே ரொக்கத்தைக் கழித்துவிட்டுக் கீழே அந்த ரொக்கம் ஈட்டிய வட்டியை லாபத்தில் விட்டுவைப்பார்கள். ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். ரொக்கத்தை நீக்கினால் வட்டியையும் நீக்க வேண்டும். தம்பி மகன் பார்க்கும் தளம் இதை எப்படிச் செய்கிறது என்று அவரையே கேளுங்கள்.

இனி லாக்ஹீட் ஏன் கடனோடு இருக்கிறது என்பது. நெருக்கடியால் வாங்கிய கடன் அல்ல அது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, வேலை நடக்க நடக்கச் செலவில் பெரும்பங்கைக் கொடுத்துக்கொண்டே வரும். பெரிய கம்பெனிகளுக்கு 80 சதவீதமாக இருந்த அந்த விகிதத்தை 2020 மார்ச்சில், கொரோனா தொடங்கியபோது, 90 சதவீதமாக உயர்த்தினார்கள். பணம் தவறாமல் வரும் என்ற நம்பிக்கை இருப்பதால் பெரிய கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. மிஞ்சுவதை ஈவுத்தொகையாகக் கொடுக்கிறார்கள், பங்குகளைத் திரும்ப வாங்குகிறார்கள். அதற்காகக் கடன் பத்திரமும் வெளியிடுகிறார்கள். 2024இல் 7,100 கோடி டாலர் விற்பனை செய்த அந்தக் கம்பெனியின் ஏட்டில் பங்குதாரர் நிதி 630 கோடி டாலர் அளவில்தான் நின்றது. அங்கே செய்துமுடித்து இன்னும் பில் போடாத வேலையின் தொகை, வாங்கிவைத்த முன்பணத்தைவிட அதிகம். எனவே எச்ஏஎல்லுக்குச் சொன்ன எச்சரிக்கை அதற்கு அவ்வளவாகப் பொருந்தாது.

அதற்கு வேறு எச்சரிக்கை உண்டு. கடன் என்ற தலைப்பில் வராத கடன்கள். பழைய அமெரிக்கக் கம்பெனிகள் ஊழியர்களுக்கு ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தன. அதற்கென ஒதுக்கிய நிதி போதாவிட்டால் குறைபடும் தொகை கம்பெனியின் தலையில் விழும். லாக்ஹீட் 2021இல் 490 கோடி டாலர், 2022இல் 430 கோடி டாலர் மதிப்புள்ள ஓய்வூதியப் பொறுப்புகளைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்தச் சுமை எவ்வளவு பெரிது என்பதற்கு இதுவே சாட்சி. கவனமாகக் கணக்கிடுபவர்கள் ஓய்வூதியப் பற்றாக்குறையையும் கடனோடு கூட்டுவார்கள். ஓய்வூதியத்தில் வாழும் உங்களுக்கு இந்த வாக்குறுதியின் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நிலையான விலைக்கு ஒப்புக்கொண்ட வேலைகள் இன்னொரு வகை. செலவு எகிறினால் கம்பெனிதான் தாங்க வேண்டும். 2025 ஜூலையில் லாக்ஹீட், ரகசிய விமானத் திட்டம் ஒன்றிலும் சில ஹெலிகாப்டர் ஒப்பந்தங்களிலுமாகச் சுமார் 160 கோடி டாலர் நஷ்டத்தை ஒரே காலாண்டில் கணக்கில் எழுதியது. அன்று ஒரே நாளில் பங்கு விலை 10 சதவீதம் இறங்கியது. அதற்கு முந்தைய நாள் நிறுவன மதிப்பைக் கணக்கிட்டவர்கள் யாருடைய தாளிலும் அந்த 160 கோடி இருந்திருக்காது.

‘எது உண்மையான விலை’ என்று கேட்டிருந்தீர்கள். ஒரு கம்பெனியை முழுசாக ஒருவர் வாங்கும்போது இது நன்றாகத் தெரியும். ராக்கெட் எஞ்சின்களும் ஏவுகணை மோட்டார்களும் செய்யும் ஏரோஜெட் ராக்கெட்டைன் என்ற அமெரிக்கக் கம்பெனியை வாங்க 2020 டிசம்பரில் லாக்ஹீட் முன்வந்தது. பங்குக்கு 56 டாலர். வாங்குவதற்கு முன்பே 5 டாலர் சிறப்பு ஈவுத்தொகையாகப் பங்குதாரர்களுக்குப் போய்விடும் என்பதால் மிஞ்சுவது 51 டாலர். அந்த விலையில் எல்லாப் பங்குகளுக்கும் சேர்த்து 460 கோடி டாலர். ஆனால் ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு 440 கோடி டாலர் என்றுதான் அறிவித்தார்கள். கம்பெனியோடு சேர்ந்து வரும் நிகர ரொக்கத்தைக் கழித்துவிட்டார்கள். போட்டி குறைந்துவிடும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2022 ஜனவரியில் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே லாக்ஹீட் விலகிக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் எல்3 ஹாரிஸ் என்ற இன்னொரு அமெரிக்க ராணுவத் தளவாடக் கம்பெனி வாங்க வந்தது. பங்குக்கு 58 டாலர், மொத்தம் 470 கோடி டாலர். இம்முறை அறிவிப்பில் நிகரக் கடனும் சேர்ந்திருந்தது. 2023 ஜூலையில் கம்பெனி கைமாறியது. பாருங்கள், ஒரே கம்பெனிதான். முதல் பேரத்தில் ரொக்கம் கழிந்தது, இரண்டாவது பேரத்தில் கடன் கூடியது. பங்குதாரர் கைக்குப் போகும் விலையும் வாங்குபவர் ஏற்கும் விலையும் வேறு வேறு. இரண்டுமே உண்மைதான், யார் பக்கம் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எச்ஏஎல்லில் அப்படி ஒரு பேரம் நடக்க வழியே இல்லை. 71.64 சதவீதப் பங்கு இந்திய அரசிடம் இருக்கிறது. மிச்சமுள்ள 28 சதவீதத்தில் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் உருவாகும் விலையை மொத்தப் பங்குகளாலும் பெருக்கித்தான் அந்த 3 லட்சம் கோடியைச் சொல்கிறோம். அது ஓர் அளவுகோல். மற்ற கம்பெனிகளோடு ஒப்பிட உதவும். அந்த விலைக்கு யாரும் கம்பெனியை வாங்கி, கல்லாவைத் திறந்து 38,000 கோடியை எடுத்துக்கொள்ளப்போவதில்லை. எவ்வளவு ஈவுத்தொகை தருவது, எவ்வளவு கையில் வைப்பது என்பதில் 100 பங்கு வாங்கி வைத்தாலும் உங்களுக்குக் குரல் இருக்காது. மத்திய அரசின் தேவைதான் அதைத் தீர்மானிக்கும்.

‘ஆர்டர் புத்தகம் 1.89 லட்சம் கோடி’ என்று 2025 மார்ச் நிலவரமாகச் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அது நிறுவன மதிப்பில் எங்கேயும் வராது. அந்த ஆண்டின் விற்பனை சுமார் 31,000 கோடி. அப்படிப் பார்த்தால் கையில் ஆறு ஆண்டு வேலை இருக்கிறது என்று அர்த்தம். வேலை இருப்பது நல்லது. அதில் லாபம் எவ்வளவு, எந்த ஆண்டில் என்பது வேறு கேள்வி.

பெமல் விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஜனவரியில் மத்திய அரசு பெமலின் 26 சதவீதப் பங்கை நிர்வாக உரிமையோடு விற்க விருப்பம் கோரியது. வாங்க வருபவருக்கு வேண்டியது மண்வாரி இயந்திரமும் ராணுவ லாரியும் மெட்ரோ பெட்டியும் செய்யும் தொழில். ஆனால் கம்பெனியின் பேரில் தொழிலுக்குத் தேவைப்படாத உபரி நிலமும் நிறைய இருந்தது. தொழிலின் விலையில் நிலத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அரசுக்கு நஷ்டம் என்பதால், அந்த நிலத்தைப் பிரித்து பெமல் லேண்ட் அசெட்ஸ் என்ற தனிக் கம்பெனியில் வைத்தார்கள். பழைய பங்கு ஒன்றுக்குப் புதிய பங்கு ஒன்று என்று கொடுத்து, 2023 ஏப்ரலில் சந்தையில் பட்டியலிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் வந்திருப்பது அதுதான். இலவசமாக வந்தது என்று எண்ண வேண்டாம். முன்பு ஒரே பங்குக்குள் இருந்த உரிமை இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நிறுவன மதிப்பு பார்க்கும்போது தொழிலில் ஈடுபடாத சொத்தைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற விதியை இங்கே அரசே செய்து காட்டியிருக்கிறது. இரண்டு பங்குகளுக்கும் வாங்கிய விலையை உரிய விகிதத்தில் பிரித்து எழுதிவையுங்கள். பின்னால் விற்கும்போது வரிக்கணக்குக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

கடைசியாக அந்த 4 லட்சம். ஒரு பங்கை வாங்கு, விற்றுவிடு என்று கட்டணம் பெற்றுச் சொல்ல பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் அதற்குரிய பதிவு பெற்றவர்களுக்குத்தான் உரிமை. கணக்கைப் படிப்பது என் வேலை, அதுவரைதான் நான் பேசுவேன். ஆனால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எச்ஏஎல் பங்கு 2018 மார்ச்சில் 1,215 ரூபாய்க்கு வெளியானது. இரண்டு ஆண்டு கழித்து, 2020 மார்ச்சில், 500 ரூபாய்க்கும் கீழே போனது. அப்போது பொறுத்திருந்தவர்களுக்குப் பின்னால் பலன் கிடைத்தது. 2023இல் ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்து, அதன் பிறகும் விலை ஏறியது. ஆனால் பொறுத்திருக்க முடிந்தவர்கள் யார்? அந்தப் பணத்தின் வட்டியை நம்பி மருந்தும் மளிகையும் வாங்க வேண்டிய நிலையில் இல்லாதவர்கள். உங்கள் டிரஷரி வைப்பின் வட்டி மாதச் செலவுக்குப் போகிறதென்றால், அதிலிருந்து ஒரு ரூபாயைக்கூட எடுத்து ஒற்றைக் கம்பெனிப் பங்கில் போட வேண்டாம். எல்லாச் செலவும் போக ஒதுக்கிவைத்த தனிப் பணம் என்றால், அப்போதும் 4 லட்சத்தை ஒரே நாளில் போட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

அதற்கு முன் தம்பி மகனிடம் கடைசி இரண்டு ஆண்டறிக்கைகளை அனுப்பச் சொல்லுங்கள். அதில் ரொக்கமும் வங்கி வைப்பும், வாடிக்கையாளர் முன்பணம், சரக்கிருப்பும் வர வேண்டிய பாக்கியும், பிற வருமானம் ஆகியவற்றை ஒரு தாளில் எடுத்து எழுதி, மேலே சொன்னபடி கழித்து, வரும் நிறுவன மதிப்பை வட்டி நீக்கிய லாபத்தால் வகுத்துப் பாருங்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கும் இதையே செய்யுங்கள். அதுவும் கடனில்லாமல் அரசு முன்பணத்தில் நடக்கும் கம்பெனிதான், ஒப்பிடச் சரியாக இருக்கும். இரண்டு தாள்களையும் எனக்கு அனுப்பினால் சரிபார்த்துத் தருகிறேன்.